கண்மாய் யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு இது. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு தவணையாகப் படியுங்கள். ஆனால் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் என் தவறு ஒன்றைச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மீன் பாசி ஏலப் பணம் எங்கே போனது என்று ஒருவர் தொடங்கினார். ஆடுகள் கரையை மிதித்துக் கெடுக்கின்றன என்றார் இன்னொருவர். கடைமடைக்காரர்கள், மூன்று வருடமாகக் கண்மாய்த் தண்ணீர் எங்கள் வயலைத் தொடவில்லை என்றார்கள். "உங்களுக்குத்தான் போர் இருக்கே" என்று தலைமடையிலிருந்து பதில் வந்தது. நள்ளிரவுக்குள் இருபத்தேழு பேர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்கள்.

மறுநாள் காலை, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு மாணவன் துபாயிலிருந்து தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். "டீச்சர், சண்டையை விடுங்க. கண்மாய் யாருக்குத்தான் சொந்தம்?"

"அரசுக்கு" என்று ஒரு சொல்லில் பதில் தட்டினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன். அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் அது பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்ல ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நான் வரலாற்று அறிஞர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்தைந்து வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள். படித்ததையும், என் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வெளியூரில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக முதலில் கண்மாய் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வட மாவட்டங்களில் ஏரி என்பார்கள், தெற்கே குளம் என்பார்கள். நம் சிவகங்கை, ராமநாதபுரம், மதுரைப் பக்கம் கண்மாய். தரை மெல்லச் சரியும் இடத்தில் பிறை போல ஒரு மண்கரை கட்டி மழைநீரைத் தடுத்து நிறுத்துவதுதான் கண்மாய். தண்ணீர் உள்ளே வரும் வழி வரத்துக்கால். வயலுக்குத் திறந்துவிடும் வாய் மடை. நிறைந்த பிறகு மிச்சம் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் இடம் கலுங்கு. மடையிலிருந்து தண்ணீர் பாயும் நிலம் முழுவதும் ஆயக்கட்டு. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்" என்று நம் பக்கம் சொல்வது உங்களுக்குத் தெரியும். நம் ஊர்க் கண்மாய்க்கு மூன்றே மடை. ஆனாலும் நமக்கு அதுதான் கடல்.

இந்த ஒரு கண்மாயை எத்தனை பேர் நம்பி இருந்தார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். தலைமடைச் சம்சாரி, கடைமடைச் சம்சாரி. கோடையில் வண்டல் அள்ளுகிறவர். களிமண் எடுக்கும் குயவர். துறையில் துணி வெளுக்கும் வண்ணார். மீன் பிடிக்கிறவர். தண்ணீர் வற்றியதும் உள்வாயில் ஆடு மேய்த்து, அறுப்பு முடிந்த வயலில் கிடை போடும் கீதாரி. விறகு பொறுக்கும் பெண்கள். கோயில். கலுங்குக்குக் கீழே இருக்கும் அடுத்த ஊர். இவர்களில் ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குக் கெட்டது. கலுங்கில் நான்கு கல்லை அடுக்கி உயர்த்தினால் நமக்குத் தண்ணீர் கூடும். ஆனால் மேற்கே உள்வாயை ஒட்டிய வயல் மூழ்கும், கீழூருக்கு வரும் மிச்சம் குறையும். மீன்காரருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், வயல்காரருக்குத் திறக்க வேண்டும். சண்டை என்பது கண்மாயோடு கூடப் பிறந்தது. நம் வாட்ஸ்அப் குழு புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆனால் அந்தச் சண்டையை நம் முன்னோர் ஒரு ஒழுங்குக்குள் வைத்திருந்தார்கள். அதற்கு எழுத்தில் கிடைக்கும் பெரிய சாட்சி காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று நீங்கள் பாடத்தில் படித்தது இதுதான். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, எடுத்தார்கள். தேர்தலைப் பாடத்தில் படித்தோம். எதற்குத் தேர்தல் என்பதை மறந்துவிட்டோம். அப்படித் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. பதவிக் காலம் 360 நாள். வயது முப்பத்தைந்துக்குக் குறையக்கூடாது, எழுபதைத் தாண்டக்கூடாது.

எனக்குப் பிடித்த விதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. அவர் பெயரை மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவுகள் பெயரையும் இடக்கூடாது என்று சிற்றப்பன், மாமன், மருமகன் என உறவுமுறைகளை வரிசையாக அடுக்குகிறது அந்தக் கல்வெட்டு. அந்த வரியை நடத்தும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஊர்ப் பணத்தில் கை வைத்தால் வீட்டுக் கல்யாணத்தில் முகம் பார்க்க முடியாது என்பதை ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே யாரோ ஒருவர் சரியாகப் புரிந்து வைத்திருந்திருக்கிறார்.

சோழர் காலத்தில் ஏரியைப் பராமரிப்பதற்கென்றே விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். வண்டல் அள்ளும் ஓடங்களுக்கும் ஆட்களுக்கும் கொடை கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. அதாவது, ஏரியால் வருகிற வருமானத்தில் ஒரு பகுதி ஏரிக்கே திரும்ப வேண்டும் என்பது அன்றைய கணக்கு.

இங்கே ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உத்திரமேரூர் பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். குடத்தில் பெயர் இடுவதற்கு கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். ஏரியில் இறங்கி வேலை செய்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது. பெண்ணின் பெயரும் போகாது. பழமையைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த விஷயம் நம் ஊரிலும் தொடர்ந்தது. அதற்கு வருகிறேன்.

நம் சீமையில் வாரியம் கிடையாது. அம்பலக்காரர், கரைகாரர்கள் என்று வேறு ஏற்பாடு. ஆனால் வேலை ஒன்றுதான். ஆடி பிறந்ததும் தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரத்துக்கால் வெட்ட வரவேண்டும். நிலம் கூட இருந்தால் ஆளும் கூட. வராதவன் தெண்டம் கட்டவேண்டும். இதற்குப் பெயர் குடிமராமத்து. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, 1970 வாக்கில், கடைசிக் காலக் குடிமராமத்தைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பத்தா ஒரு பெரிய பானை நிறையக் கம்மங்கூழ் கரைத்துக் கரைக்கு அனுப்புவாள்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி ஒரே ஒரு ஆள். நீர்பாய்ச்சி. சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், மடைக்குடும்பன் என்பார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கை ஒன்றுதான். வேறு யாரும், அம்பலக்காரரே ஆனாலும், மடைக்கட்டையைத் தொடக்கூடாது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் மனக்கணக்கு. தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராத்திரி முழுக்க லாந்தரோடு கரையை நடந்து பார்ப்பார். எங்காவது நண்டு வளையில் நீர் கசிந்தால் விடிவதற்குள் வைக்கோலும் களிமண்ணும் திணித்து அடைத்துவிடுவார்.

அவருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அதனால்தான் அவரை நம்பினார்கள். சொந்த வயல் இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும் அல்லவா? கூலி, களத்து மேட்டில் நெல்லாக. எங்கள் வீட்டில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல்லும் ஒரு கதிர்க்கட்டும். பொலி அளப்பதற்கு முன்பே அது தனியாக ஒதுங்கிவிடும். அந்தப் பங்குக்கு நம் பக்கத்தில் பெயர் என்ன தெரியுமா? சுதந்திரம். குயவருக்கு, வண்ணாருக்கு, நீர்பாய்ச்சிக்கு என்று ஆளாளுக்குச் சுதந்திரம். பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினம் என்று கேட்டபோது, அன்றைக்கு யாருக்கெல்லாம் நெல் அளப்பார்கள் என்று நான் கேட்டதாக அய்யா சொல்லிச் சிரிப்பார்.

அந்த நீர்பாய்ச்சி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். ஊரின் தண்ணீர் முழுவதும் அவர் கையில். ஆனால் ஊர்க் கிணற்றில் அவர் ஒரு வாளி இறைக்க முடியாது. ஊர்க் கூட்டத்தில் அவர் ஓரத்தில் நிற்க வேண்டும், உட்காரக்கூடாது. என்னைவிட ஐம்பது வயது மூத்தவரை நாங்கள் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். இந்தப் பதிவில் அவரை நீர்பாய்ச்சித் தாத்தா என்று எழுதப்போகிறேன். அன்றைக்கு ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சென்னையில் ஆய்வு செய்யும் என் மாணவி ஒருத்தி போன வருடம் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். டேவிட் மோஸ் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் நம் சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்களைப் பல வருடம் ஆராய்ந்து 2003ல் 'தி ரூல் ஆஃப் வாட்டர்' என்று எழுதியிருக்கிறார். பழைய கண்மாய் நிர்வாகத்தை ஏதோ சமத்துவப் பொற்காலமாகப் பார்க்காதீர்கள், அது அதிகாரத்தோடும் சாதி மரியாதையோடும் பின்னிக் கிடந்தது என்பது அவர் வாதம். கேட்டபோது சுருக்கென்றது. ஆனால் மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

சரி, இந்த ஏற்பாடு எப்படி உடைந்தது? வெள்ளைக்காரன் கெடுத்தான் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது முழு உண்மையில்லை. 1850களில் பேர்டு ஸ்மித் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்துப் பாசனத்தைப் பார்வையிட்டு வியந்து எழுதினார். பதினான்கு மாவட்டங்களில் மட்டும் 53,000 ஏரி குளங்கள் கணக்கில் இருந்தன. அவற்றில் 43,000 நல்ல நிலையில், 10,000 பழுதாகி. ஐந்தில் ஒன்று அப்போதே பழுது என்பதைக் கவனியுங்கள். ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் தனித்தனியாக வரி வாங்கியது. ஊர்ப் பொதுவில் இருந்த நீர்நிலை அரசுப் புறம்போக்கு ஆனது. வரி போய்விட்டது, பொறுப்பு மட்டும் ஊரிலேயே நின்றது. வருமானம் இல்லாத பொறுப்பை எத்தனை நாள் சுமப்பார்கள்? ஆட்கள் வரத்துக்கால் வெட்ட வருவது குறைந்தது. உடனே 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தானாக வந்தவனைச் சட்டம் போட்டு இழுக்க வேண்டிய நிலை. பிறகு 1883ல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று. ஏரியை அளந்து, கலுங்கின் மட்டம், மடையின் அளவு எல்லாம் எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் இன்றைக்கும் பொறியாளர்களுக்கு உதவுகின்றன.

நம் சிவகங்கை வேறு கதை. 1803 முதல் நிலையான ஜமீன். கண்மாய் ஜமீனைச் சேர்ந்தது, விளைச்சலில் பங்கும் ஜமீனுக்கு. ஆனால் ஜமீன் வாரிசு வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863ல்தான் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரண்மனைப் பணம் வக்கீல்களுக்குப் போகும்போது கண்மாய்க் கரைக்கு எங்கிருந்து வரும்? 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் அரசிடம் வந்தன. பொதுப்பணித் துறைக் காகிதங்களில் அவற்றை 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்றே எழுதினார்கள்.

அரசிடம் வந்ததும் ஒரு கண்மாய் பல துண்டானது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நிலம் வருவாய்த் துறை. 1981ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்து உள்வாயில் கருவேல மரம் நட்டார்கள். மரம் வனத்துறைக்கும் ஊராட்சிக்கும் பொது. மீன் குத்தகைக்கு வேறொரு அலுவலகம். ஒவ்வொருவரும் தன் துண்டைச் சரியாகத்தான் பார்த்தார்கள். கரையில் ராத்திரி நடக்க மட்டும் யாருக்கும் உத்தரவு இல்லை.

ஆனாலும் நம் ஊரில் நீர்பாய்ச்சித் தாத்தா நடந்துகொண்டுதான் இருந்தார். ஜமீன் போய், சர்க்கார் வந்து, முப்பது வருடம் ஆன பிறகும். அவரை நிறுத்தியது சர்க்கார் இல்லை. எங்கள் அய்யா.

1977ல் அய்யா தலைமடை வயலில் கிணறு வெட்டி ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் வைத்தார். தெருவே வந்து பார்த்தது. நானும் ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் அந்தத் தொட்டியில்தான் குளித்தேன். இரண்டாம் வருட அறுவடையில், களத்தில் நெல் குவிந்து கிடக்க, தாத்தா வழக்கம்போல வந்து நின்றார். அய்யா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "நான் கண்மாய்த் தண்ணியே எடுக்கல. உனக்கு எதுக்கு நெல்லு?"

தாத்தா எதிர்த்துப் பேசவில்லை. "கண்மா பெருகுனாத்தானய்யா கெணறு ஊறும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது அறிவியல். நிலத்தடி நீர்ப் பாடத்தைப் பின்னாளில் நான் நடத்தும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் நினைவுக்கு வரும். அன்றைக்குக் களத்து ஓரத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருடம் மோட்டார் வைத்த இன்னும் நான்கு பேர் நெல் தரவில்லை. அதற்கடுத்த வருடம் மோட்டார் இல்லாதவர்களும், அவர்களே தராதபோது நாங்கள் மட்டும் ஏன் என்றார்கள். தாத்தா மகன் திருப்பூர் போய்விட்டார். தாத்தா இருந்தவரை கூலி இல்லாமலும் கரையை நடந்தார். அவருக்குப் பின் யாரும் நடக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை ராத்திரி கரை உடைந்தது. எங்கே கசிந்தது, எப்போது கசிந்தது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. அந்த வருடம் அய்யாவின் கிணறு மாசியிலேயே தரை தட்டியது.

எலினார் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2009ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பொதுச் சொத்து என்றால் கெட்டுத்தான் போகும், ஒன்று அரசு எடுக்க வேண்டும், இல்லை தனியாருக்கு விற்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். ஸ்பெயின் வாய்க்கால்கள், ஜப்பான் மலைக்காடுகள், நேபாளப் பாசனம் என்று பல இடங்களை ஆராய்ந்து, நிலைத்து நின்ற இடங்களில் என்ன பொது என்று பார்த்தார். யாருக்குப் பங்கு என்பது தெளிவாக இருந்தது. பங்குக்கு ஏற்ற கடமை இருந்தது. விதியை அதற்கு உட்பட்டவர்களே சேர்ந்து வகுத்தார்கள். காவல் பார்ப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்பவராக இருந்தார். தவறினால் முதலில் சின்னத் தண்டனை, பிறகு பெரியது. படித்தபோது எனக்கு நம் தாத்தாவும் தமுக்குச் சத்தமும் தெண்டமும்தான் கண்ணுக்கு முன் வந்தன. நம்மிடம் பெரும்பாலும் எல்லாம் இருந்தன. விதியை எல்லோரும் சேர்ந்து வகுத்தார்கள் என்பது மட்டும் இல்லை. ஓரத்தில் நிற்க வைத்த மனிதருக்கு, "நீங்கள் நெல் தராவிட்டால் நான் மடை திறக்க மாட்டேன்" என்று கூட்டத்தில் சொல்ல ஒரு இடம் இருந்திருந்தால் எங்கள் அய்யா அன்றைக்கு அப்படிப் பேசியிருக்க முடியாது. அவருக்குக் கொடுக்காத மரியாதையில்தான் கரை முதலில் கசிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்றைய காலத்துக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கும். அதுவும் கண்மாய்தான். 1977ல் அரசு சரணாலயமாக அறிவித்தது. ஆனால் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அங்கே வந்து கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையின் பலகை மட்டும் இருந்து ஊர் இல்லாவிட்டால் பறவை வராது. ஊர் மட்டும் இருந்து சட்டம் இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது வந்து துப்பாக்கி எடுப்பார்கள். இரண்டும் சேர்ந்ததால் நிற்கிறது.

சட்டங்களும் இல்லாமல் இல்லை. 2000ல் பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் சட்டம் வந்தது. 2007ல் ஏரி, கண்மாய்களைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் வந்தது. 2017ல் பழைய பெயரிலேயே குடிமராமத்துத் திட்டம், முதலில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள், பத்தில் ஒரு பங்கு விவசாயிகளின் பங்களிப்பு என்று தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் அரசு மட்டும் காவல் நிற்க முடியாது. நம் கண்மாயிலும் ஒருமுறை மண் அள்ளினார்கள், கரையை உயர்த்தினார்கள். ஆனாலும் மூன்று வருடமாகக் கண்மாய் பாதிக்கு மேல் பெருகவில்லை. மழை இல்லாமலா? போன கார்த்திகையில் என் வீட்டுத் திண்ணை வரை தண்ணீர் நின்றது. வரத்துக்காலில் தண்ணீர் ஓட வழி இல்லை. அதுதான் காரணம்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

வரத்துக்கால் நம் மேலத்தெருவைத் தாண்டி வளையும் இடத்தில், பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்த முப்பத்திரண்டு சென்ட் இருக்கிறது. 2004ல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதைச் சுற்றிக் கல் ஊன்றிக் கம்பி வேலி போட்டேன். அப்போது வரத்துக்கால் தூர்ந்து, சீமைக் கருவேலம் மண்டி, வாய்க்கால் என்று சொல்ல அடையாளமே இல்லை. வேலிக்காரர் கேட்டார், "டீச்சர், வாய்க்காலை உள்ளுக்குப் போட்டுருவமா, நேரா வரும்" என்று. நான் சரி என்றேன். பக்கத்தில் சித்தப்பா மகன் என் வேலியை ஒட்டி நேராகத் தன் வேலியை இழுத்தான். டீச்சரே போட்டிருக்காங்க என்று அடுத்தவர். இப்படி ஐந்து வேலி. நம் களத்தில் நெல் நின்ற கதைதான். அய்யா ஆரம்பித்ததைப் போல இதை ஆரம்பித்தது நான். வகுப்பில் ஏரி வாரியம் நடத்திய வாயோடு இதைச் செய்தேன்.

துபாய்த் தம்பி கேள்வி கேட்ட அன்று சாயங்காலம், பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நாடாவோடு போய் அளந்தேன். என் வேலி வரத்துக்காலுக்குள் பதினோரு அடி இருக்கிறது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை அந்தக் கற்களைப் பிடுங்குகிறேன். ஆள் சொல்லியாகிவிட்டது. என்னை ஒட்டிய நான்கு வேலிக்காரர்களும் என் உறவுக்காரர்கள், இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருப்பவர்கள். உங்களை நான் கட்டாயப்படுத்தவில்லை. அளக்கும்போது வந்து நில்லுங்கள், அது போதும். தாசில்தார் வந்து அளந்தால் அது வேறு மாதிரி இருக்கும், நாமே அளந்தால் வேறு மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மடைக்கருப்பர் திட்டில் கூடுவோம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பழைய கூட்டம் மாதிரி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். கடைமடைக்காரர்கள் வரவேண்டும். ஆடு வைத்திருப்பவர்கள் வரவேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரவேண்டும், அந்த வரத்துக்காலை அடி அடியாகத் தெரிந்தவர்கள் இன்றைக்கு அவர்கள்தான். மீன் ஏலம் எடுத்தவர் கணக்கோடு வரவேண்டும். கீழூரிலிருந்து இரண்டு பேரை அழைக்க வேண்டும். ஊராட்சித் தலைவருக்கும் பாசன அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்கிறோம். எல்லோருக்கும் பாய் விரிப்போம். யாரும் நிற்கக்கூடாது.

பேசவேண்டியது மூன்றே விஷயம். யாருக்கு என்ன பங்கு, யாருக்கு என்ன வேலை, மழைக்காலத்தில் கரையை யார் நடப்பது, அவருக்கு யார் எவ்வளவு கூலி கொடுப்பது. நான்காகிவிட்டது. கணக்கில் நான் எப்போதும் கொஞ்சம் வீக் என்று என் மாணவர்களுக்குத் தெரியும். போர் வைத்திருப்பவர்களும் கூலியில் பங்கு தரவேண்டும் என்பது என் கருத்து. கண்மாய் பெருகினால்தான் போரும் ஊறும்.

நீர்பாய்ச்சித் தாத்தாவின் பேரன் என் மாணவன். திருப்பூரில் இருக்கிறான். அவனைப் போனில் அழைத்து, கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "மறுபடி மடை திறக்கக் கூப்பிடுறீங்களா டீச்சர்?" என்றான். இல்லையப்பா, நீ திறக்க வேண்டாம், யார் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் நீ உட்காரவேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அவன் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு முப்பது வருடத்துக்கு மேல் நெல் பாக்கி.

துபாய்த் தம்பிக்கு என் பதில்: பத்திரத்தில் கண்மாய் அரசுக்குச் சொந்தம். நிஜத்தில், அதற்காக ஒரு நாள் வேலை செய்யாதவர் யாருக்கும் அது சொந்தமில்லை. நீ விடுப்பில் வரும்போது ஒரு நாள் ஒதுக்கு. மண்வெட்டி நான் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்